கடத்துக்குச் சுருதி ஏற்றும் கைகள்: மானாமதுரைச் சூளையும் சுகன்யா ராம்கோபாலின் மேடையும்

2014-இல் மானாமதுரை மண்பாண்டக் கலைஞர் மீனாட்சி கேசவன், குடியரசுத் தலைவர் கையால் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். அவர் மேடையில் பாடியவர் இல்லை, வாசித்தவரும் இல்லை, பானை வடிவத் தாள வாத்தியமான கடத்தைச் செய்தவர். 2014-ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருதுப் பட்டியலில் கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபாலின் பெயரும் இடம்பெற்றது. பானை செய்பவருக்கு எதற்கு இசை விருது? ஒரு பெண் கடம் வாசிப்பதில் அப்படி என்ன அதிசயம்? இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை கடத்தின் சுருதியில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

கடம் வேறு, பானை வேறு

தண்ணீர்ப் பானையையும் கடத்தையும் தள்ளி நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. கையில் தூக்கினால் தெரிந்துவிடும். வீட்டுப் பானையின் சுவர் மெல்லியது. மண்ணில் நுண்துளைகள் இருப்பதால்தான் தண்ணீர் கசிந்து குளிர்கிறது. கடத்தின் சுவரோ தடித்தது, இறுகியது, சுற்றிலும் சீரான கனம் உடையது. ஓரிடத்தில் கனம் கூடினாலோ குறைந்தாலோ ஒலி பிசிறும். இந்தக் கனத்துக்குப் பெயர் பெற்றது மானாமதுரைக் கடம். சென்னைப் பக்கம் செய்யப்படும் கடங்கள் அதைவிட இலேசானவை. அவற்றில் விரல் எளிதாக ஓடும். மானாமதுரைக் கடத்தில் ஒலியைக் கிளப்பவே கை உழைக்க வேண்டும். கிளம்பிய ஒலி மணியோசைபோல நின்று கேட்கும்.

ஒரே கடத்துக்குள் இரண்டு ஒலிகள் குடியிருக்கின்றன.

1. சுவரின் ஒலி. விரலோ நகமோ உள்ளங்கையோ படும்போது சுடுமண் சுவர் அதிர்ந்து எழுப்பும் நாதம் இது. பாடகரின் ஆதார சட்ஜத்தோடு, அதாவது அவர் பாட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளும் 'ஸ' ஸ்வரத்தோடு, சேர வேண்டியது இந்த நாதம்தான்.

2. காற்றின் ஒலி. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஓர் ஒலி வருமே, அதே கணக்குத்தான். கடத்தின் கழுத்தருகே தட்டும்போது உள்ளே இருக்கும் காற்று அசைந்து அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற கனத்த ஒலி பிறக்கிறது. வாசிப்பவர் கடத்தை மடியில் வைத்து, அதன் வாயைத் தம் வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார். வாயை மூடியும் திறந்தும், அழுத்தியும் தளர்த்தியும் இந்த ஒலியை வளைக்கிறார்.

சுருதிப் பெட்டியும் பானையும்

மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்கத் தோல்) கல்லும் புள் என்ற சிறு மரக்கட்டையும் கொண்டு தட்டிச் சுருதி சேர்க்கலாம். கஞ்சிராவின் தோலில் தண்ணீர் தடவி இறக்கலாம். வீணைக்கும் வயலினுக்கும் முறுக்காணி இருக்கிறது. கடத்துக்கு இப்படி எதுவுமே இல்லை. சூளையில் வெந்து வெளியே வரும்போது எந்தச் சுருதியோடு பிறந்ததோ, உடையும் வரை ஏறக்குறைய அதே சுருதிதான். பிசின்போன்ற களிமண்ணை ஒட்டி ஓர் இழை இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

இங்கே 'கட்டை' என்ற கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணுவதிலிருந்து வந்த வழக்கு இது. ஆண் பாடகர்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டரைக் கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண் பாடகர்களுக்கு நான்கு முதல் ஆறு கட்டை. ஒரு கட்டைக்குச் சேர்ந்த கடத்தை ஐந்தரைக் கட்டைப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு தட்டும் பாட்டோடு உரசும். ஆகவே கடம் வாசிப்பவர் சுருதிக்கு ஒன்றாகப் பல கடங்களை வைத்திருந்தாக வேண்டும். அவற்றைத் துணியில் சுற்றி, ரயிலிலும் பஸ்ஸிலும் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்று உடைந்தால் ஒட்டிப் பயனில்லை. அதே சுருதியில் இன்னொன்று தேடி மறுபடி சூளைக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே கடத்துக்குச் சுருதி சேர்ப்பவர் மேடையில் இருப்பவர் அல்லர். சுருதியின் பெரும்பங்கு, கச்சேரிக்குப் பல மாதங்களுக்கு முன்பே, அதைச் செய்தவர் கையில் முடிந்துவிடுகிறது. பானை செய்தவருக்கு எதற்கு இசை விருது என்ற கேள்விக்கு இதுவே விடை.

மானாமதுரையில் நடப்பது என்ன?

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வைகைக் கரையில் அமைந்த இந்த ஊரில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண்பாண்டம் செய்துவருகின்றன. சமையல் சட்டி, அகல், கூஜா எல்லாம் செய்யும் ஊர்தான். கடம் செய்யத் தெரிந்த வீடுகள் மட்டும் மிகச் சில.

சுற்றுவட்டாரக் கண்மாய்களிலிருந்து எடுத்த வெவ்வேறு களிமண்ணைக் கலந்து, சலித்து, மிதித்துப் பதமாக்குகிறார்கள். வழக்கமான பானைக்குச் சேர்க்காத சில உலோகப் பொடிகளும் கடத்துக்கான மண்ணில் சேர்கின்றன. சக்கரத்தில் வனைந்து எடுத்தவுடன் கடம் ஆகிவிடுவதில்லை. அப்போது அது ஒரு மொத்தையான கூடு மட்டுமே. ஓரளவு உலர்ந்தபின் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு கை கூட்டுக்கு உள்ளே கல்லைப் பிடித்துக்கொள்ள, மறுகை வெளியிலிருந்து மரத்தட்டால் தட்டும். உள்ளே கல், வெளியே மரம், நடுவே மண். தட்டத் தட்ட மண் இறுகுகிறது, சுவர் சமனாகிறது, வயிறு உருண்டு வருகிறது. ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டுகள். ஈர மண் கண்ணுக்குக் காட்டாத கனத்தை உள்ளங்கை உணர்ந்து சொல்ல வேண்டும். பிறகு நிழலில் உலர்த்திச் சூளையில் வேக வைக்கிறார்கள். வெந்தபின்தான் சுருதி தெரியும். விரிசல் விட்டதும், நினைத்த சுருதிக்கு வராததும் கழிந்துவிடும்.

மீனாட்சி கேசவனின் வீட்டில் சக்கரம் சுற்றியது ஆண்கள். தட்டித் தட்டிச் சுருதி ஏற்றியது மீனாட்சி அம்மாள். இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்த பகுதிக்கு வர வேண்டும். ஏனென்றால், பெண் கடம் வாசிக்கக் கூடாது என்பதற்குச் சொல்லப்பட்ட முதல் காரணமே கையின் வலுதான்.

தாள வாத்தியம் ஆண்பிள்ளைக்கு ஆனது எப்படி?

மதுரை பெண்ணிசைக்குப் பஞ்சமான ஊர் இல்லை. 1916-இல் இங்கே பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பாட்டி அக்கம்மாள் வயலின், தாய் சண்முகவடிவு வீணை, அக்காள் வடிவாம்பாள் வீணை, எம்.எஸ். பாட்டு. அண்ணன் சக்திவேல் மட்டும் மிருதங்கம். அந்த வீட்டில் இசைக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் பெண்கள். அப்படியிருந்தும் தாளம் ஆண்பிள்ளையின் கைக்குத்தான் போனது. யாரும் தீங்கு நினைத்துச் செய்ததில்லை. அதுதான் நடப்பு என்று எல்லோரும் இருந்தார்கள். தடைகளிலேயே பேசிக் கடக்க முடியாத தடை இந்த வகைதான்.

விதிவிலக்கு இல்லாமலும் இல்லை. 1910-இல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடை ஏறியவர். தட்சிணாமூர்த்திப் பிள்ளை அக்காலத்தில் கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் நிகரற்றவர். அவரே ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்றால், 'பெண்ணுக்கு வராது' என்ற வாதம் அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாலக்காடு மணி ஐயர் போன்ற மேதை, பெண்கள் பாடும் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தார், பின்னாளில் டி.கே.பட்டம்மாளுக்கு வாசித்தபோது அது பெரிய செய்தியானது. பெண்ணின் பாட்டுக்கு ஆண் வாசிப்பதே யோசனைக்குரியதாக இருந்த உலகில், ஆணுக்குப் பக்கத்தில் பெண் உட்கார்ந்து வாசிப்பது எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும்!

கடத்துக்கென்று தனியாகச் சொல்லப்பட்ட காரணங்கள் இவை:

1. கை நோகும், விரல் தாங்காது. கடம் சுட்ட மண். தோலைப்போல விரலுக்கு இடம் கொடுக்காது. உண்மைதான், ஆண் விரலுக்கும் கொடுக்காது. அதே மண்ணை ஆயிரக்கணக்கான முறை தட்டி உருவாக்கிய மானாமதுரைப் பெண்ணின் கை எப்படித் தாங்கியது என்று கேட்டால் இந்த வாதம் நிற்பதில்லை.

2. வயிற்றோடு அணைத்து வாசிப்பது பெண்ணுக்கு அழகில்லை. சேலைக்கு மேலே வைத்து அணைத்தாலும் காற்று அடைபடும், ஒலி வளையும். இது இசை சார்ந்த வாதமே இல்லை.

3. சுருதி. பெண் குரலுக்குரிய உயர்ந்த சுருதியில் கடம் கிடைப்பது அரிது என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் இது பெண் பாடுவதைப் பற்றியது, பெண் வாசிப்பதைப் பற்றியது அன்று. இரண்டும் ஏனோ எப்போதும் ஒன்றாகக் குழப்பப்பட்டன.

4. மேடை வரிசை. வெளியே சொல்லப்படாத, ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான காரணம் இதுதான். கச்சேரியில் மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் அதற்கு அடுத்த நிலையிலுள்ள உபபக்கவாத்தியம். பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஒரு சுற்று வாசிக்க, கடம் பதில் சொல்லும். குறைப்பில் எட்டு, நான்கு, இரண்டு என்று அளவு சுருங்கச் சுருங்க இரண்டு வாத்தியமும் நேருக்கு நேர் நிற்கும். முடிவில் மோரா, கோர்வை என்ற முத்தாய்ப்புத் தாளக்கட்டுகள் இரண்டு வாத்தியத்திலும் சேர்ந்து வரும். அங்கே ஒரு பெண் சரிசமமாகப் பதில் சொன்னால் அதைத் தமக்கு இழுக்காக எண்ணியவர்கள் இருந்தார்கள். சரியாகச் சொல்லாவிட்டால் 'அன்றே சொன்னேனே' என்பார்கள். இரு வழியிலும் தோல்வி அவளுக்குத்தான்.

சுகன்யா ராம்கோபால்: வயலின் வகுப்பிலிருந்து கடத்துக்கு

சுகன்யா 1957-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் வழிவந்த குடும்பம். சென்னையில் வளர்ந்த அவர், பன்னிரண்டு வயதளவில் திருவல்லிக்கேணியில் உள்ள ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவுக்கு வயலின் கற்கப் போனார். அது கடம் மேதை விக்கு விநாயகராமின் குடும்பம் நடத்திய பள்ளி. வயலின் சொல்லிக்கொடுத்தவர் விநாயகராமின் சகோதரர் குருமூர்த்தி. பக்கத்து அறையில் மிருதங்க வகுப்பு நடந்துகொண்டிருக்கும். சிறுமியின் காது வில்லை விட்டுவிட்டு அந்தப் பக்கமே போயிற்று. விநாயகராமின் தந்தை டி.ஆர்.ஹரிஹர சர்மா அதைக் கவனித்து அவருக்கு மிருதங்கம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

மிருதங்கத்திலிருந்து அடுத்ததாகக் கடத்தின் மீது ஆசை திரும்பியபோதுதான் தயக்கம் எழுந்தது. கடம் கடினமானது, பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று விநாயகராமே யோசித்தார். இந்த இடத்தில் ஹரிஹர சர்மா எடுத்த நிலையை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். முடியுமா முடியாதா என்று விவாதிக்காமல், பயிற்சிக்குக் காலம் கொடுத்துப் பார்ப்போம் என்றார். விநாயகராம் வெளிநாடு சென்றிருந்த காலத்தில் பாடத்தைத் தாமே தொடர்ந்தார். பெண் என்பதற்காக ஓசையைக் குறைத்து வாசிக்கும் சலுகை அங்கே இல்லை. அதே கனத்த கடம், அதே பாடம், அதே நாதம். விநாயகராமின் வாசிப்பு வழியைப் பின்னாளில் சுகன்யா ஒரு நூலாகவே எழுதினார். பாணி என்பதைக் காதால் மட்டும் கைமாற்றிவந்த ஒரு துறையில் அப்படி எழுதி வைத்தது சாதாரணச் செயல் அன்று.

திருமணத்துக்குப் பிறகு பெங்களூர். அங்கே தொடங்கியது மேடைப் போராட்டம். உபபக்கவாத்தியம் வாசிப்பவரைப் பெரும்பாலும் மிருதங்கக்காரரின் விருப்பத்தைக் கேட்டே சபாக்கள் அமர்த்துகின்றன. பெண் கடத்தோடு வாசிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் இருந்ததைச் சுகன்யா வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இந்த மறுப்பின் விளைவு அவமானத்தோடு முடிவதில்லை. தாள வாத்தியக் கலைஞர் வளர்வது வீட்டுப் பயிற்சியில் அன்று, மேடையில். அன்றைய பாடகர் எந்தப் பல்லவியை எடுப்பார், எந்த நடைக்கு மாறுவார் என்று தெரியாமல் உட்கார்ந்து, அந்த நொடியில் கை கண்டுபிடிக்கும் பதிலில். ஒரு கச்சேரி மறுக்கப்பட்டால் ஒரு நாள் வருமானத்தோடு ஒரு நாள் பாடமும் போகிறது. பத்து ஆண்டு இப்படிப் போனால், 'அனுபவம் போதாது' என்று சொல்ல அவர்களுக்கே காரணமும் கிடைத்துவிடுகிறது.

பானை வரிசையில் ஒரு ராகம்

சுகன்யா இதற்குக் கண்ட மாற்று இரண்டு வகை.

முதலாவது, கட தரங்கம். ஒரு கடத்துக்கு ஒரு சுருதிதான் என்பதுதானே கடத்தின் குறை? வெவ்வேறு சுருதியுள்ள ஆறு ஏழு கடங்களை அரைவட்டமாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வரமாகக் கொண்டு, ராகத்தின் சாயலையே தாள வாத்தியத்தில் கொண்டுவந்தார். வேறு வாத்தியங்களில் ஆணியைத் திருகிக் கிடைப்பதை இங்கே பானையைத் தேடித்தான் பெற வேண்டும். ஒரு ஸ்வரம் ஓர் இழை பிசகினாலும் முழு வரிசையும் கெடும். மண்ணைத் தட்டுகிறவரின் காதும் மேடையில் வாசிப்பவரின் காதும் எவ்வளவு நெருங்கி வர வேண்டும் என்பதைக் காட்டும் முயற்சியாகவே நான் இதைப் பார்க்கிறேன். துணைக்கும் துணையாக ஓரத்தில் இருந்த வாத்தியம் இதனால் மேடையின் நடுவுக்கு வந்தது.

இரண்டாவது, 1995-இல் தொடங்கிய 'ஸ்த்ரீ தால் தரங்' குழு. எல்லோரும் பெண்கள், முன்னிலையில் கடம். யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வியே எழாத மேடை. பெண்களைத் தனியாகப் பிரித்து வைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பிரித்து வைத்தவர்கள் முன்பே இருந்தார்கள். குழு அதற்குப் பதிலாகப் பிறந்தது என்பதே நடந்த வரிசை.

வாயும் கையும்: இங்கே பாட்டு எங்கே வருகிறது?

தாள வாத்தியக்காரருக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பது தவறு. கடமோ மிருதங்கமோ, பாடம் முதலில் வாயில்தான் தொடங்குகிறது. 'த தி தொம் நம்' என்றும் 'தகதிமி', 'தகிட' என்றும் சொல்லிச் சொல்லி நாவில் ஏறியபின்தான் கைக்கு வரும். நாவில் தடுமாறும் சொற்கட்டு விரலிலும் தடுமாறும். இந்தச் சொல்லையே மேடைக்கலையாக்கியது கொன்னக்கோல்; அதாவது, தாளத்தைக் குரலால் வாசிப்பது. சுகன்யா கொன்னக்கோலும் சொல்பவர்.

பாட்டின் பக்கமிருந்து கடத்துக்கு வந்தவர்களும் உண்டு. சுகன்யாவின் மாணவி சுமனா சந்திரசேகர், கர்நாடக இசைப் பாட்டில் பயிற்சி பெற்றபின் கடத்தை எடுத்தவர். பாடத் தெரிந்தவர் வாசிக்கும்போது ஒரு நன்மை தெளிவாகத் தெரியும். கீர்த்தனையில் எந்தச் சொல்லில் மூச்சு நிற்கும், எந்தச் சங்கதியில் கை அடங்க வேண்டும் என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

இதனால் நம் பக்கம் என்ன மாறும்?

மதுரைப் பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து சில மணி நேரத் தொலைவுக்குள் மானாமதுரைச் சூளைகள் இருக்கின்றன. ஒரு பெண் தாள வாத்தியம் கற்க விரும்பினால் மதுரைக்காரருக்கு வாத்தியம் தொலைவில் இல்லை. இருப்பினும் மூன்று முடிச்சுகள் அவிழ வேண்டும்.

ஒன்று, சபாக்கள் உபபக்கவாத்தியத்தை யாரிடம் கேட்டு அமர்த்துகின்றன என்பது. மிருதங்கக்காரரின் வசதியை மட்டும் கேட்கும் வழக்கம் இருக்கும் வரை, கதவைத் திறப்பவரும் மூடுபவரும் ஒருவராகவே இருப்பார்.

இரண்டு, கடம் செய்பவரின் பிழைப்பு. ஒரு கடத்துக்குச் செல்லும் உழைப்பும், சூளையில் கழிந்துபோகும் கடங்களின் நட்டமும் விலையில் சேருவது கடினம். கண்மாய் மண் எடுக்க அனுமதி, மழைக்காலத்தில் உலர்த்த இடம், சூளைக்கு விறகு என்று தொல்லைகள் வேறு. அடுத்த தலைமுறை இந்த வேலையை விட்டால், கல்லூரியில் எத்தனை பேர் சேர்ந்தாலும் கையில் எடுக்கக் கடம் இருக்காது.

மூன்று, கேட்பவர் காது. அடுத்த முறை மதுரை தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் கடம் வைத்த கச்சேரிக்குப் போகிறவர்கள், தொடங்கும் முன் அந்தக் கலைஞர் எத்தனை கடங்களைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கவனியுங்கள். தனி ஆவர்த்தனத்தில் வேகத்தை மட்டும் கேட்காமல், சுவரின் ஒலியையும் காற்றின் ஒலியையும் பிரித்துக் கேளுங்கள். கோர்வை முடிந்து பாடகர் பல்லவியை மீண்டும் எடுக்கும் நொடியில், கடத்தின் கடைசி நாதம் தம்புராவோடு ஒன்றாகி மறைந்தால், அந்த மண்ணைத் தட்டியவரின் காது சரியாக இருந்திருக்கிறது.